டூசான் போனால்: விடியலில் கள்ளிக்காடு, இருட்டியதும் ஹாட் டாக்

அமெரிக்காவின் தென்மேற்கில், அரிசோனா மாநிலத்தில் இருக்கிற டூசானுக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது நேரக் கணக்குதான். ஜூன் மாத வெயில் 40 டிகிரி செல்சியஸைச் சுலபமாகத் தாண்டும். அதனால் விடிந்ததுமே சகுவாரோ தேசியப் பூங்காவுக்குப் போய்விடுங்கள். ஊருக்குக் கிழக்கே ஒரு பாதி, மேற்கே ஒரு பாதி. ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் மேற்கு. ஆளை விடப் பல மடங்கு உயரமான சகுவாரோ கள்ளிகள் அங்கேதான் நெருக்கமாக நிற்கின்றன.

வெயில் ஏறியதும் காரை லெமன் மலைக்குத் திருப்புங்கள். உச்சி 9,000 அடிக்கு மேல். கள்ளியில் தொடங்கும் பாதை பைன் காட்டில் முடியும். ஸ்வெட்டர் மறக்க வேண்டாம்.

அப்புறம் சாப்பாடு. 2015இல் யுனெஸ்கோ உணவுக்கலை நகரமாக அறிவித்த ஊர் இது. சொனோரன் ஹாட் டாக்கைத் தள்ளுவண்டியில் வாங்குங்கள். பேக்கன் என்ற பன்றி இறைச்சித் துண்டைச் சுற்றி மொறுமொறுவென்று வாட்டிய சாசேஜ், மெத்தென்ற பன், மேலே பின்டோ பீன்ஸ், வெங்காயம், தக்காளி, மயோனைஸ். பக்கத்தில் சுட்ட மஞ்சள் மிளகாய் ஒன்று வைப்பார்கள். அதை ஒரு கடி, இதை ஒரு கடி. அதுதான் ருசி.

சைவம் என்றால், டார்ட்டியா என்ற மெல்லிய ரொட்டியில் பீன்ஸைச் சுருட்டித் தரும் பீன்ஸ் புரிட்டோ இருக்கிறது. ஆனால் பீன்ஸிலும் டார்ட்டியாவிலும் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது இங்கே வழக்கம். ஸ்பானிய மொழியில் அதற்கு மான்டேகா என்று பெயர். “மான்டேகா இருக்கா?” என்று கேட்டுவிட்டு வாங்குங்கள், சரியாகச் சொல்வார்கள்.