பழைய அரண்மனைப் படத்தில் ஒரு மவுஸ் பேட்

மதுரை திருமலை நாயக்கர் அரண்மனையை 1858-இல் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி படம் பிடித்தார். சென்னை மாகாண கவர்னர் நேப்பியர் அதைப் பழுதுபார்ப்பதற்கு முந்தைய நிலை அந்தப் படங்களில் இருக்கிறது. நாம் இன்று டிக்கெட் வாங்கிப் பார்க்கும் பளபளப்பு இல்லை. எனக்கு அந்தச் சிதைவுதான் பிடித்தது. மவுஸ் பேடாக்கிவிட்டேன். நீங்களும் செய்யலாம்.

1. படம்

டிரைப் 1902-இல் இறந்தார், எனவே பதிப்புரிமைச் சிக்கல் இல்லை. விக்கிமீடியா காமன்ஸில் தேடினால் கிடைக்கும். இருப்பதிலேயே பெரிய கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள். சட்டம் போட்டு மாட்டிய படத்தைப் போனில் எடுக்க வேண்டாம், கண்ணாடியில் உங்கள் முகமும் சேர்ந்து விழும்.

2. அளவு

கடையில் கிடைக்கும் வெற்று பேட் பெரும்பாலும் 22 × 18 செ.மீ. சுற்றிலும் 3 மி.மீ. கூடுதலாக வைத்தால், 300 டிபிஐ-க்கு (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) சுமார் 2670 × 2200 பிக்சல் வேண்டும். கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, பழைய படம் லேசாக மங்கினால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். பாதிக்கும் கீழே போனால்தான் தூண்கள் கட்டம் கட்டமாகத் தெரியும்.

வெட்டும்போது ஒன்றை யோசியுங்கள்: வலது கீழ் மூலையில் எப்போதும் மவுஸும் கையும் இருக்கும். அழகான வளைவு அங்கே மாட்டிக்கொள்ளக்கூடாது.

3. கை வைக்காமல் இருப்பது

கறையைத் துடைப்பது, வண்ணம் ஏற்றுவது எதுவும் வேண்டாம். கிம்ப் (GIMP) என்ற படத் திருத்த மென்பொருளில் நிழல் பகுதியை மட்டும் கொஞ்சம் வெளுப்பாக்குங்கள். துணியில் ஏறும்போது கருமை கூடும், தூண்களுக்கு இடையே உள்ள இருட்டு ஒரே மை அப்பியதுபோல ஆகிவிடும்.

4. அச்சு

சப்ளிமேஷன் மை (சூட்டில் ஆவியாகித் துணிக்குள் ஏறுவது), அதற்கான சப்ளிமேஷன் தாள். சாதாரண இங்க்ஜெட் மை இதற்கு ஆகாது. தாளில் நிறம் செத்துப்போனதுபோல இருக்கும், பயப்படாதீர்கள். பழுப்பு நிறம் சில பிரிண்டர்களில் பச்சை அடிக்கும். அதனால் முதலில் ஒரு பாலியெஸ்டர் துண்டில் சோதியுங்கள்.

தாளைக் கவிழ்த்துத்தான் துணியில் ஒட்டுவோம், அதனால் அச்சிடும்போது படத்தை இடவலம் மாற்றும் 'மிரர்' போட மறக்காதீர்கள். நான் மறந்தேன். வரிசையாகத் தூண்களும் வளைவுகளும் இருக்கும் படத்தில் இடவலம் மாறினால் சட்டென்று தெரியாது. எழுத்து இருந்தால் காட்டிக்கொடுத்திருக்கும். மதுரைக்கார நண்பர் ஒருவர் பார்த்துச் சிரித்த பிறகுதான் புரிந்தது.

5. ஹீட் பிரஸ்

இஸ்திரிப் பெட்டி வேண்டாம், சூடு சமமாகப் பரவாது. கப், டீஷர்ட்டில் படம் போடும் கடையில் கேட்டால் செய்து தருவார்கள். சூடாக்கி அழுத்தும் ஹீட் பிரஸ் இயந்திரம் உங்களிடம் இருந்தால், பேடின் துணிப் பக்கத்தை மேலே வைத்து ஐந்து விநாடி அழுத்துங்கள், ஈரம் போகும். தூசியையும் ஒட்டி எடுத்துவிடுங்கள், ஒரு நூலிழை இருந்தாலும் வானத்தில் கோடு விழும். அச்சுத் தாளைக் கவிழ்த்து, வெப்பம் தாங்கும் டேப் ஒட்டி, மேலே பட்டர் பேப்பர் விரித்து, 190 டிகிரி செல்சியஸில் 50 விநாடி. பேடுக்குப் பேடு இது மாறும், விற்றவர் சொல்லும் அளவை முதலில் பாருங்கள். இந்தச் சூட்டில் சாயம் ஆவியாகிப் பாலியெஸ்டர் இழைக்குள் போய்விடும், அதனால்தான் உரசினாலும் சீக்கிரம் போகாது.

ரப்பர் வாடை வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். தாளை உரித்ததும் சமதளத்தில் போட்டு, ஆறும்வரை கனமான புத்தகம் ஒன்றை மேலே வையுங்கள். இல்லையென்றால் ஓரம் சுருண்டுகொள்ளும்.