பழைய செடானையும் புதிய தலைமுறையையும் உரிமையாளர் ஒப்பிடுவது எப்படி?

ஏழெட்டு ஆண்டுகள் ஓட்டிய சொகுசு செடானிலிருந்து இறங்கி, அதே பெயரில் வந்திருக்கும் புதிய தலைமுறை வண்டியில் ஏறி, இருபது நிமிடம் ஓட்டிவிட்டு, "புதியதுதான் மேல்" என்றோ "பழையதைப் போல வராது" என்றோ முடிவு சொல்லிவிடும் உரிமையாளர்கள் ஏராளம். இரண்டு முடிவுகளிலும் குறை ஒன்றுதான். அவர்கள் ஒப்பிட்டது தேய்ந்த வண்டி ஒன்றையும் தேயாத வண்டி ஒன்றையும். மாடல்களை அவர்கள் இன்னும் ஒப்பிடவே தொடங்கவில்லை. வண்டியின் வயதால் வந்த வேறுபாடு எது, வேரியண்டாலும் (ஒரே மாடலின் வெவ்வேறு பதிப்புகளில் ஒன்று) கூடுதல் வசதிகளாலும் வந்த வேறுபாடு எது, வடிவமைப்பாளர்கள் உண்மையிலேயே மாற்றியது எது என்று மூன்றையும் பிரித்துப் பார்த்தால்தான் ஒப்பீடு பயன்படும்.

ஆகவே முதல் வேலை ஷோரூமில் இல்லை, உங்கள் பழைய வண்டியிடம்தான் இருக்கிறது. டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டக் கட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. ரப்பர் வயதாக ஆக இறுகும், இறுகிய டயர் சிறு மேடுபள்ளங்களையும் இருக்கைவரை கடத்தும், இரைச்சலையும் கூட்டும். பழைய வண்டியின் சஸ்பென்ஷன் (சாலையின் அதிர்வைத் தாங்கும் அமைப்பு) கடினமாகிவிட்டது என்று நானும் ஒருமுறை குறைபட்டுக்கொண்டிருந்தேன். டயர்களை மாற்றியதும் அந்தக் குறையில் பாதிக்கு மேல் காணாமல் போயிற்று. காற்றழுத்தத்தை, வண்டி குறைந்தது மூன்று மணி நேரமாவது நின்று டயர் குளிர்ந்த பிறகு, கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

அடுத்தது சஸ்பென்ஷன். சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் ஆர்ம்களின் முனைகளில் உள்ள ரப்பர் புஷ்கள் வெடித்திருந்தால் ஸ்டியரிங் மந்தமாகும், பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் லேசாக அலையும். காற்றுப்பைகள் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டி என்றால், இரவு முழுவதும் சமதரையில் நிறுத்திவைத்து, காலையில் கதவைத் திறப்பதற்கு முன்பே நான்கு மூலைகளிலும் சக்கரத்தின் மையத்திலிருந்து மேல்வளைவுவரை உள்ள உயரத்தை அளந்து பாருங்கள். ஒரு மூலை மட்டும் தெளிவாக இறங்கியிருந்தால் அங்கே காற்று கசிகிறது என்று சந்தேகிக்கலாம். இவற்றையெல்லாம் சரிசெய்ய ஆகும் செலவைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை மாற்றுவதா வேண்டாமா என்ற கேள்வி வரும்போது, புதிய வண்டியின் விலைக்கு எதிரே வைத்துப் பார்க்க வேண்டிய தொகை அதுதான்.

வயதை ஒதுக்கிய பிறகு வேரியண்டை ஒதுக்க வேண்டும். டெஸ்ட் டிரைவுக்குக் கொடுக்கப்படும் வண்டியில் பெரும்பாலும் எல்லாக் கூடுதல் வசதிகளும் பொருத்தப்பட்டிருக்கும். நீங்கள் வாங்கப்போகும் வண்டியில் அவை இல்லாமல் போகலாம். 2020-இல் அறிமுகமான மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் பின்சக்கரங்களும் 10 டிகிரிவரை திரும்பும் ஏற்பாடு உண்டு. இத்தனை நீளமான வண்டி ஒரு சிறிய கார் போல் திரும்புகிறது என்று ஓட்டியவர்கள் வியப்பது அதனால்தான். ஆனால் அது விருப்பத் தேர்வு. அது இல்லாத வண்டியை வாங்குபவர் அந்த வியப்பைத் தம் ஒப்பீட்டில் சேர்த்துக்கொள்ளக் கூடாது. சக்கரத்தின் அளவும் அப்படித்தான். உங்கள் பழைய வண்டி 18 அங்குலச் சக்கரத்தில் ஓட, ஷோரூம் வண்டி 21 அங்குலச் சக்கரத்தில் நின்றால், பக்கச்சுவர் உயரம் குறைந்த டயரின் கடினத்தைப் புதிய சஸ்பென்ஷனின் குறையாக எண்ணிவிடுவீர்கள். நீங்கள் வாங்கவிருக்கும் சக்கர அளவிலேயே ஒரு வண்டியை வரவழைத்துத் தரும்படி கேளுங்கள். இரண்டு நாள் காத்திருக்க நேர்ந்தாலும் அது வீண் இல்லை.

சில மாற்றங்களைத் தேர்வால் தவிர்க்க முடியாது. பிஎம்டபிள்யூ 7 சீரிஸ் முந்தைய தலைமுறையில் குட்டை, நீளம் என்று இரண்டு வீல்பேஸ்களில் (முன், பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம்) கிடைத்தது. 2019-இல் மேம்படுத்தப்பட்ட குட்டை வடிவத்தின் நீளம் 5,120 மில்லிமீட்டர். 2022-இல் வந்த தலைமுறையில் குட்டை வடிவமே கைவிடப்பட்டு, நீளம் 5,391 மில்லிமீட்டர் ஆயிற்று. குட்டை வண்டியை வைத்திருந்தவருக்கு இது 27 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கூடுதல். அட்டவணையில் பார்க்கும்போது அற்பமாகத் தெரியும் இந்த எண், வீட்டு வாயிற்கதவு மூடாமல் நிற்கும்போதுதான் பெரிதாகத் தெரியும். எனவே வண்டி நிறுத்தும் இடத்தை நீளவாக்கில் மட்டுமல்லாமல், கதவு முழுவதும் திறப்பதற்கான அகலத்தோடும் சேர்த்து முன்கூட்டியே அளந்து வைத்துக்கொள்வது நல்லது.

எஞ்சினை ஒப்பிடும்போது அட்டவணை எண்கள் பாதி வழிதான் அழைத்துச் செல்லும். லெக்ஸஸ் எல்எஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1989-இல் வந்த முதல் எல்எஸ் தொடங்கி வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினோடு வளர்ந்த அந்த வண்டியில், 2006-இல் 4.6 லிட்டர் வி8 வந்தது. 2017-இல் வந்த ஐந்தாம் தலைமுறையில் அதன் இடத்தை இரட்டை டர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தரும் கருவி) கொண்ட 3.5 லிட்டர் வி6 பிடித்தது. திறனிலும் முறுக்குவிசையிலும் புதியதே முன்னால் நிற்கிறது. டர்போ எஞ்சின் குறைந்த சுழற்சியிலேயே தன் முழு முறுக்குவிசையைத் தந்துவிடுவதால், அன்றாட ஓட்டத்தில் அதை அதிகம் விரட்ட வேண்டியதும் இல்லை. ஆனால் எட்டு சிலிண்டர்களின் வழுவழுப்பான ஒலியையும், ஆக்ஸிலரேட்டரை அழுத்தும் அளவுக்கேற்ப வேகம் சீராக எழும் தன்மையையும் எந்த அட்டவணையும் சொல்லாது. ஆகவே முழுவேகப் பாய்ச்சலை வைத்து இரண்டையும் எடைபோடாதீர்கள். ஆண்டு முழுவதிலும் அதைச் சில முறைதான் செய்வீர்கள். சிக்னலில் நின்று கிளம்புவது, 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 80-க்கு அரை அழுத்தத்தில் ஏறுவது, நெரிசலில் ஊர்வது, நின்ற எஞ்சின் தானாக மீண்டும் உயிர்பெறும்போது இருக்கையில் அதிர்வு தெரிகிறதா என்று கவனிப்பது ஆகிய நான்கையும் இரண்டு வண்டிகளிலும், எஞ்சின் நன்கு சூடான பிறகு செய்து பாருங்கள்.

அமைதியை அளக்க ஒரு கைபேசிச் செயலி போதும், ஆனால் அதைச் சரியாகப் பயன்படுத்த வேண்டும். கைபேசி காட்டும் டெசிபல் எண்ணைத் தனியாக நம்ப முடியாது. ஒரே கைபேசியை, ஒரே உயரத்தில், ஒரே சாலையில், ஒரே வேகத்தில், குளிர்சாதனத்தின் விசிறியை ஒரே நிலையில் வைத்து இரண்டு வண்டிகளிலும் அளந்தால், கிடைக்கும் வித்தியாசத்தை ஓரளவு நம்பலாம். 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்காகிறது என்றாலும், காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும். ஆகவே ஒன்றிரண்டு டெசிபலுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இங்கே இரண்டு சிக்கல்களை நினைவில் வைக்க வேண்டும். இத்தகைய செயலிகள் பெரும்பாலும் பயன்படுத்தும் அளவுமுறை தாழ்ந்த அதிர்வெண்களைக் குறைத்தே கணக்கிடும். கரடுமுரடான சாலையில் எழும் தாழ்ந்த உறுமல், எண்ணில் சிறிதாகவும் தலைவலியில் பெரிதாகவும் இருக்கும். மற்றொன்று, எஞ்சின் சத்தம் குறைந்த வண்டியில் அதுவரை மறைந்திருந்த டயர் ஒலியும் கண்ணாடியோரக் காற்றொலியும் வெளியே வந்துவிடும். புதிய வண்டியில் காற்றுச் சத்தம் அதிகம் என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. மொத்தச் சத்தம் குறைந்ததால்தான் அவருக்கு அது கேட்கிறது.

பழைய உரிமையாளர்களின் மனத்தாங்கல் மிக ஆழமாக இருப்பது கட்டுப்பாடுகளில்தான், இங்கே அவசரப்படாமல் இருப்பது கடினமும்கூட. 2001-இல் பிஎம்டபிள்யூ 7 சீரிஸில் ஒரே திருகுகுமிழும் ஒரு திரையுமாக ஐடிரைவ் என்ற கட்டுப்பாட்டு முறை வந்தபோது கடும் கண்டனம் எழுந்தது. பிற்காலத்தில் அதே திருகுகுமிழை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று சொன்னவர்களும் உண்டு. 2017-இல் வந்த ஆடி ஏ8 தன் முந்தைய திருகுகுமிழை நீக்கி, தொட்டால் விரலுக்கு அதிர்வைத் தரும் இரண்டு திரைகளை வைத்தது. 2020-இன் எஸ் கிளாஸில் முந்தைய தலைமுறையைவிட 27 பொத்தான்களும் சுவிட்சுகளும் குறைந்தன. இவற்றில் எது உண்மையான இழப்பு, எது வெறும் பழக்கக் குறை என்று பிரிக்க ஒரு சோதனை உண்டு. நீங்கள் அன்றாடம் செய்யும் பத்து வேலைகளை எழுதிக்கொள்ளுங்கள்: வெப்பநிலையைக் கூட்டுவது, கண்ணாடியின் மூடுபனியை அகற்றுவது, இருக்கையின் முதுகுச்சாய்வைத் திருத்துவது, வழிகாட்டியின் குரலைக் குறைப்பது போன்றவை. வண்டி நின்றிருக்கும்போது, பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து, ஒவ்வொன்றையும் செய்யும்போது எத்தனை முறை திரையைப் பார்க்கிறீர்கள், எத்தனை நொடி ஆகிறது என்று குறிக்கச் சொல்லுங்கள். ஓரிரு நாள் கழித்து மறுபடியும் அதையே செய்யுங்கள்.

முதல் முறை தடுமாறி இரண்டாம் முறை சட்டென்று முடிந்த வேலைகளை மன்னித்துவிடலாம். அவை உங்கள் கை இன்னும் கற்காதவை, அவ்வளவுதான். இரண்டாம் முறையும் கண்ணைச் சாலையிலிருந்து எடுத்தே தீர வேண்டியிருக்கும் வேலைகள் வேறு வகை. பொத்தான் இருக்கும் இடத்தைப் பழக்கம் கற்றுக்கொடுக்கும். வழுவழுப்பான கண்ணாடியில் இல்லாத விளிம்பை எந்தப் பழக்கமும் விரலுக்கு உணர்த்தாது. அந்த வகை வேலைகள் பத்தில் எத்தனை என்பதே கட்டுப்பாடுகள் பற்றிய உங்கள் முடிவாக இருக்கட்டும். குரல் கட்டளையால் அவற்றில் எவ்வளவு தீர்கிறது என்பதையும், பின்னால் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள். வெயில் சாய்வாக விழும்போது திரை படிக்க முடிகிறதா என்பதை ஷோரூமின் உள்ளே ஒருநாளும் அறிய முடியாது.

எரிச்சலூட்டும் எல்லாவற்றுக்கும் வடிவமைப்பாளரைப் பொறுப்பாக்குவதும் நியாயமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் விற்பனையாகும் புதிய கார்களில் வேக வரம்பை நினைவூட்டும் அமைப்பு கட்டாயம். ஓட்டுநர் அதை அணைத்தாலும், அடுத்த முறை வண்டியைக் கிளப்பும்போது அது மீண்டும் விழித்துக்கொள்ளும். இதை எந்தப் போட்டி நிறுவனத்திடம் சென்றாலும் சந்திக்கத்தான் வேண்டும். ஒப்பிட வேண்டியது அந்த ஒலி இருக்கிறதா என்பதை விட, அதை அணைக்க ஒரு தொடுதல் போதுமா, நான்கு திரைகளைக் கடக்க வேண்டுமா என்பதைத்தான்.

பின்னிருக்கையை அங்கே உட்காரப்போகிறவர்தான் ஒப்பிட வேண்டும். ஓட்டுபவர் சில நிமிடம் உட்கார்ந்து பார்த்துச் சொல்லும் கருத்துக்கு மதிப்புக் குறைவு. முதியவர் ஒருவர் அன்றாடம் பயணிப்பார் என்றால், அவரையே அழைத்துச்சென்று ஐந்து முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது, குனியாமல் தலை உள்ளே போகிறதா, தரையிலிருந்து கால் எவ்வளவு உயர வேண்டியிருக்கிறது என்பவை முழங்கால் இடத்தைவிட முக்கியம். மின்சார வடிவத்தோடு உடற்கூட்டைப் பகிர்ந்துகொள்ளும் செடான்களில், உள்தளத்துக்கும் இருக்கைக்கும் இடையே உள்ள உயரத்தையும் கவனியுங்கள். மின்கலத்துக்காகத் தளம் உயர்ந்து இருக்கை உயராவிட்டால் தொடைக்குத் தாங்கல் இல்லாமல் முழங்கால் மேலெழும்பும். கூரையிலிருந்து இறங்கும் 31.3 அங்குலத் திரை புதிய 7 சீரிஸில் விருப்பத் தேர்வாகக் கிடைக்கிறது. திரை இறங்கியிருக்கும்போது ஓட்டுநருக்கு நடுக்கண்ணாடியில் பின்சாலை மறைகிறது. ஓடும் வண்டியில் படம் பார்த்தால் குமட்டும் என்பவருக்கு அந்தத் திரை ஒரு விலையுயர்ந்த கூரை அலங்காரம்.

தோற்றத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2001-இன் 7 சீரிஸின் தோற்றத்துக்கு எழுந்த எதிர்ப்பு அதன் விற்பனையைக் கவிழ்க்கவில்லை. சில மாதம் சாலையில் பார்த்தபின் கண் சமாதானமாகிவிடும், அல்லது ஆகாது.

உடைமைச் செலவில் முந்தைய தலைமுறையில் இல்லாத கேள்விகள் இப்போது இருக்கின்றன. எந்தெந்த வசதிகள் வண்டியோடு நிரந்தரமாக வருகின்றன, எவை சில ஆண்டுகளுக்குப் பின் சந்தா கேட்கும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சூடாகும் இருக்கைக்குச் சில நாடுகளில் சந்தா வசூலித்த பிஎம்டபிள்யூ, எதிர்ப்புக்குப் பின் 2023-இல் அந்த முறையைக் கைவிட்டது. ஆனால் இணையச் சேவைகளுக்கும் ஓட்டுநர் உதவி அமைப்புகளுக்கும் பல நிறுவனங்களில் சந்தா தொடர்கிறது. எஞ்சினுக்கு உதவும் 48 வோல்ட் மின் அமைப்பின் மின்கலம், முகப்பு விளக்குத் தொகுதி, நடுத்திரை ஆகிய மூன்றின் மாற்று விலையையும் உத்தரவாதக் காலத்தையும் கேளுங்கள். தலைமுறை மாறிய முதல் ஆண்டு வண்டிகளில் மென்பொருள் கோளாறுகள் எட்டிப்பார்ப்பது வழக்கம் என்பதால், அவசரம் இல்லாதவர் ஓராண்டு பொறுப்பதில் நஷ்டம் இல்லை.

கடைசிச் சோதனை நடப்பது உங்கள் பழைய வண்டியில்தான். முடிந்தால் ஒரு நாள் முழுவதும், இல்லையேல் ஒரு மணி நேரமாவது புதிய வண்டியை உங்கள் வழக்கமான பாதையில் ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தவுடன், தாமதிக்காமல் உங்கள் பழைய வண்டியில் ஏறி அதே பாதையில் வீடு திரும்புங்கள். முதல் பத்து நிமிடத்தில் உங்கள் கையும் காதும் முதுகும் எதைத் தேடுகின்றன, எதைக் கண்டு ஆறுதல் அடைகின்றன என்பதை வண்டியை நிறுத்தியதும் எழுதிவிடுங்கள். மறுநாள் காலைக்குள் பழக்கம் அந்த வேறுபாட்டை அழித்துவிடும். எழுதியவற்றில் டயர், புஷ், டாம்பர் (சஸ்பென்ஷனின் துள்ளலை அடக்கும் பகுதி) ஆகியவற்றால் தீரக்கூடியவை எவை என்று பணிமனைக்காரரிடம் காட்டிக் கோடிட்டு நீக்கச் சொல்லுங்கள். எஞ்சும் வரிகளுக்குத்தான் புதிய வண்டியின் விலையைக் கொடுக்கப்போகிறீர்கள்.