மூ காங் சாய் அடுக்கு வயல்களுக்கு ஆறு பேர் கேமராவோடு போவது எப்படி

வடக்கு வியட்நாமின் மூ காங் சாய் மலைகளில் வருடத்துக்கு ஒரு போகம்தான். அதனால் படமெடுக்கத் தோதான காலமும் இரண்டே இரண்டு. மே கடைசியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை, மேல் வயலிலிருந்து கீழ் வயலுக்கு மடை திறந்து தண்ணீர் இறக்கி, சேறடித்து நாற்று நடுவார்கள். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் முதல் வாரம் வரை கதிர் முற்றி அறுப்பு நடக்கும். ஜூலை, ஆகஸ்டில் போனால் எங்கும் ஒரே பச்சை. வரப்பும் பயிரும் நிறத்தில் கலந்துவிடுவதால் படத்துக்கு உயிரான அந்த வளைகோடுகள் எடுபடாது. மழையில் மண்சரிவும் அந்த மாதங்களில்தான் அதிகம்.

செப்டம்பரிலும் எல்லா வயலும் ஒரே நாளில் பழுக்காது. ஒரு சரிவில் அறுத்து முடித்துத் தாள் மட்டும் நிற்கும், எதிர்ச்சரிவில் இன்னும் பால் பிடித்துக்கொண்டிருக்கும். புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்து, உள்ளூர் வழிகாட்டியிடம் ஒவ்வொரு ஊருக்கும் அன்றன்று கைபேசியில் எடுத்த படம் கேளுங்கள். தங்கும் ஊர்களின் வரிசையை அதைப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

ஊர் குறைவு, நாள் அதிகம்

ஹனோயிலிருந்து 32ஆம் எண் நெடுஞ்சாலையில் நியா லோ, தூ லே வழியாக மூ காங் சாய் சுமார் 300 கிலோமீட்டர். நிறுத்தி நிறுத்திப் போக எட்டு மணி நேரத்துக்குக் குறையாது. இதோடு வடக்கின் மற்ற மலைப் பகுதிகளான சப்பாவையும் ஹா ஜியாங்கையும் ஒரே வாரத்தில் சேர்க்கும் திட்டங்களைப் பார்க்கலாம். அவற்றில் நல்ல வெளிச்சம் விழும் காலையும் மாலையும் வண்டிக்குள்ளேயே கழிந்துவிடும். மலையில் ஒரு காலை மூடுபனியில் போனால் மறு காலை கையில் இருக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு ஊரிலும் குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள்.

ஏழு நாள் இருந்தால் இப்படிப் பிரிக்கலாம். முதல் நாள் தூ லே வரை மட்டும். இரண்டாம் நாள் முழுக்க அங்கேயே. மூன்றாம் நாள் விடிவதற்குள் காவ் ஃபா கணவாய்க்கு ஏறி, பள்ளத்தாக்கில் மேகம் நிற்பதை எடுத்துவிட்டு அப்படியே 'லா பான் தான்' என்ற ஊருக்கு இறங்குங்கள். அடுத்த மூன்று நாளும் 'லா பான் தான்', சே கூ ஞா, ஸே சூ ஃபின் ஆகிய மூன்று ஊர்களுக்கு. இவற்றின் வயல்களுக்குத்தான் 2007இல் வியட்நாம் தேசியப் பாரம்பரியத் தகுதி கொடுத்தது. ஏழாம் நாள் திரும்பும் பயணம். வட்ட வட்டமாக வயல் அடுக்கிய 'மாம் சோய்' குன்றைப் பார்க்க அறுப்புக் காலத்தின் சனி, ஞாயிறுகளில் பெருங்கூட்டம் வரும். அதை வார நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூ காங் சாய் இருந்த யென் பாய் மாகாணம் 2025 ஜூலையில் லாவ் காயோடு இணைந்துவிட்டது. பழைய முகவரிகளில் யென் பாய் என்றிருக்கும், புதியவற்றில் லாவ் காய் என்றிருக்கும். இரண்டும் ஒரே இடம்தான், தவறாகப் பதிவு செய்துவிட்டோமோ என்று பதற வேண்டாம்.

ஆறு பேருக்குப் பதினாறு இருக்கை வேன் எடுங்கள். கால்வாசி இடத்தைப் பையும் கேமரா முக்காலியும் பிடித்துக்கொள்ளும். ஆறுக்கு மேல் ஆள் சேர்க்காமலிருப்பது நல்லது. முகடுகளில் பெரும்பாலும் இரண்டு மூன்று முக்காலிக்குத்தான் இடமிருக்கும். எட்டுப் பேர் ஒரு வீட்டு வாசலில் நின்றால், வீட்டுக்காரர்களுக்குத் தங்கள் வீட்டிலேயே ஒதுங்க இடமிருக்காது.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: அங்குள்ள மலைவாழ் மக்களின் ஹ்மாங் மொழி பேசுவாரா? மேட்டு ஊர்களில் வயதான பெண்கள் பலருக்கு வியட்நாமிய மொழி சரளமாக வராது. ஹனோயிலிருந்து கூட்டிவரும் ஆள் அங்கே நம்மைப் போலவே வாயடைத்து நிற்பார்.

வரப்பில் கால் வைக்கும் முன்

வரப்பு வெறும் மண்தான், ஆனால் அதுதான் அந்த வயலின் தண்ணீரைத் தாங்கி நிற்கிறது. மே, ஜூனில் அதைப் புதுச்சேற்றால் பூசியிருப்பார்கள். அதில் முக்காலியின் கூர்முனையை ஊன்றினால் ஓட்டை விழும், ஓட்டை வழியாகக் கசிவு தொடங்கும். ராத்திரிக்குள் கசிவு உடைப்பாகி, மேல் வயல் வடிந்து கீழ் வயலின் நாற்றையும் அடித்துக்கொண்டு போகலாம். நடைபாதையிலிருந்தே எடுங்கள். வரப்பில் போய்த்தான் ஆக வேண்டுமென்றால் வயலுக்குரியவரிடம் கேட்டு, முனைக்கு ரப்பர் மூடி மாட்டி, ஒவ்வொருவராகப் போங்கள். செப்டம்பரில் பிரச்சினை வேறு. முற்றிய கதிரில் பை உரசினாலே நெல் உதிரும்.

பெருஞ்சாலையிலிருந்து மாம் சோய்க்கு உள்ளூர் இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போவார்கள். பாதை ஒடுக்கம், மழை பெய்தால் சிமென்ட் வழுக்கும். தலைக்கவசம் கேட்டு வாங்கிப் போடுங்கள். முக்காலியைக் குறுக்கே பிடிக்காமல் முதுகோடு செங்குத்தாகக் கட்டுங்கள். உங்கள் பயணக் காப்பீடு மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போவதையும் ஏற்கிறதா என்று முன்பே படித்துப் பாருங்கள். பல காப்பீடுகள் ஏற்பதில்லை.

லென்ஸும் வெளிச்சமும்

அடுக்கு வயல் என்றதும் அகலக்கோண லென்ஸைத்தான் கை தேடும். ஆனால் அங்கே அதிகம் உழைப்பது 70–200 மி.மீ. தொலை லென்ஸ். தூரத்து வளைவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கிக் காட்டுவது அதுதான். வீட்டுக்குள்ளும் ஆட்களுக்கும் 35 அல்லது 50 மி.மீ., லென்ஸ் திறப்பு எஃப் 1.8. இவற்றோடு ஒரு 24–70 இருந்தால் போதும். வயல் காட்சிக்குத் திறப்பு எஃப் 8, எஃப் 11 தாண்ட வேண்டாம். எஃப் 16க்கு மேல் தூரத்து வரப்புகளின் கூர்மை மங்கத் தொடங்கும்.

செப்டம்பர் நடுவில் சூரியன் ஆறு மணிக்குச் சற்று முன் உதித்தாலும், மலையைத் தாண்டி வயலுக்குள் வெளிச்சம் இறங்கப் பல இடங்களில் ஏழு ஆகிவிடும். மாலையிலும் ஐந்து மணிக்கே பள்ளத்தாக்கு நிழலாகலாம். அட்டவணையை வானிலைச் செயலி சொல்லும் நேரத்தை வைத்துப் போடாதீர்கள், முந்தைய நாள் அதே இடத்தில் நின்று பார்த்துப் போடுங்கள். இரவு மழை பெய்து காலையில் வானம் தெளிந்தால் மேகம் பள்ளத்தாக்கில் தங்கும். அன்று நாலரைக்கே எழுப்பிவிடச் சொல்லுங்கள்.

பொன்வயல் படங்கள் கெடுவதற்கு இரண்டு காரணங்களை அடிக்கடி பார்க்கலாம். ஒன்று, தானியங்கி வெண்சமன்பாடு (ஒயிட் பேலன்ஸ்). மஞ்சளே நிறைந்த காட்சியைக் கேமரா நடுநிலைக்கு இழுத்து, பொன்னைச் சாம்பலாக்கிவிடும். பகல் வெளிச்ச அளவில், 5200 முதல் 5500 கெல்வினுக்குள் பூட்டிவையுங்கள். இரண்டாவது, சிவப்பு நிறம் மட்டும் வெளுத்துப்போவது. கேமராவில் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான சாதாரண ஹிஸ்டோகிராம் பத்திரமாகத் தெரியும்போதே சிவப்பு வலது ஓரத்தை முட்டியிருக்கும். மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமை வைத்து, தேவைப்பட்டால் வெளிச்சப் பதிவை (எக்ஸ்போஷர்) மூன்றில் ஒரு ஸ்டாப் குறையுங்கள்.

பளபளப்பை வடிகட்டும் போலரைசர் கண்ணாடி இரண்டு காலத்துக்கும் தேவை, ஆனால் நேர்மாறாக. கதிர் காலத்தில் இலையின் ஈரப் பளபளப்பை அது நீக்கினால் நிறம் எழும்பும். தண்ணீர்க் காலத்தில் அதையே முழுதாகத் திருப்பினால் வானத்தின் பிரதிபலிப்பு அழிந்து, அடியில் கிடக்கும் சேறு தெரியும்.

குளிரூட்டிய வேனிலிருந்து இறங்கியவுடன் லென்ஸ் பனிக்கும், துடைக்கத் துடைக்கப் பனிக்கும். சேருவதற்கு அரை மணி நேரம் முன்பே ஓட்டுநரிடம் சொல்லிக் குளிரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிடுங்கள்.

வேலை செய்யும் கைகள்

தூ லே, வேகவைத்தால் ஒட்டும் அரிசி ரக நெல்லுக்குப் பேர்போன இடம். முழுதாக முற்றாத நெல்லை இரும்பு வாணலியில் வறுத்து, காலால் மிதிக்கும் உலக்கையில் இடித்து, புடைத்து 'கோம்' என்ற பச்சை அவல் செய்வார்கள். உலக்கை இறங்கும் வேகம் தெரிய ஷட்டரை 1/15 நொடி வையுங்கள். உரலுக்குள் கிளறிவிடுபவரின் கை, உலக்கை மேலேறும் கணத்தில்தான் உள்ளே போய் வெளியே வரும். அந்தத் தாளத்தை நாலைந்து சுற்று சும்மா பார்த்த பிறகு பொத்தானை அழுத்துங்கள்.

அறுப்பு வயலில் கதிர்க் கட்டுகளை மரத்தொட்டியில் அடித்து நெல் உதிர்ப்பதை 1/1000இல் எடுங்கள், வெயில் எதிரே இருக்கட்டும். சிதறும் மணி ஒவ்வொன்றும் ஒளிரும். காற்று வரும் பக்கமாக நில்லுங்கள். அங்கே லென்ஸ் மாற்றவே கூடாது, பதரும் தூசியும் நேராக சென்சாரில் போய் உட்காரும்.

ஹ்மாங் பெண்கள் ஹெம்ப் (கஞ்சா இனச் செடி) நார்த் துணியில் தேன்மெழுகால் கோலம் வரைந்து அவுரிச் சாயத்தில் முக்குவார்கள். உருகிய மெழுகு பேனா முனையில் ஆறுவதற்குள் கோடு முடிய வேண்டும். அந்நேரம் முகத்தைத் திருப்பச் சொல்லி வேலையைக் கெடுக்காதீர்கள். குவியம் பேனா முனையில், எஃப் 4, 1/200. வீட்டுக்குள் இருட்டு, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 3200க்கு அஞ்ச வேண்டாம். ஃபிளாஷ் பையிலேயே இருக்கட்டும். வாசற்படிக்கு ஓரடி உள்ளே ஆள் உட்கார்ந்தால் முகத்தில் மென்வெளிச்சம் விழும்.

கதவில் பச்சை இலைக்கொத்து தொங்கினால் வெளியாள் உள்ளே வரக் கூடாதென்று பொருள், திரும்பிவிடுங்கள். உள்ளே வாசலுக்கு எதிர்ச்சுவரில் தாளும் கோழிச் சிறகும் ஒட்டியிருப்பது வழிபாட்டிடம். தொடாதீர்கள், கேட்காமல் படமெடுக்காதீர்கள். ஒரு நேரத்தில் மூன்று பேர் மட்டும் வீட்டுக்குள், மற்றவர்கள் வயலில்.

பிள்ளைகளுக்குப் படத்துக்காகக் காசு கொடுக்காதீர்கள். பள்ளிக்கூட நேரத்தில் சாலையோரம் காத்து நிற்கும் பழக்கம் அதனால்தான் வருகிறது. வீட்டுப் பெரியவருக்கு, அவர்கள் ஒதுக்கிய நேரத்துக்கான கூலியை வழிகாட்டி மூலம் முன்பே பேசிக் கொடுங்கள். சிறிய உடனடிப் பிரிண்டர் ஒன்று கொண்டுபோனால் படத்தை அங்கேயே கையில் கொடுத்துவிடலாம். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை தாள் எடுத்துவையுங்கள்.

மிச்ச ஏற்பாடுகள்

பணத்தை ஹனோயிலேயே எடுத்து, 10,000, 20,000, 50,000 டோங் தாள்களாக மாற்றிக்கொள்ளுங்கள். ஊர்வீடுகளில் ஒரு பிளக்குக்கு ஆறு பேர் அலைமோதுவார்கள், ஆளுக்கொரு பவர் பேங்க் வேண்டும். 20,000 எம்ஏஹெச் என்பது சுமார் 74 வாட்-மணி, விமானத்தில் கைப்பையில் அனுமதி உண்டு. தங்குமிடத்தில் காவல்துறைப் பதிவுக்காகப் பாஸ்போர்ட் கேட்பார்கள், கொடுங்கள். டிரோனுக்கு முன்அனுமதி கட்டாயம். அனுமதி கைக்கு வரவில்லையென்றால் எடுத்துப்போகாதீர்கள்.

திரும்பும் நாளிலேயே இரவு விமானம் போடாதீர்கள், ஹனோயில் ஒரு இரவு இடைவெளி விடுங்கள். 2024இல் யாகி புயல் இந்த மலைகளைப் புரட்டியது அறுப்புக்குச் சற்று முன்னால்தான். புயல் இல்லாத வருடத்திலும், ஒரு நாள் கனமழைக்கே காவ் ஃபாவில் மண் சரிந்து சாலை மணிக்கணக்கில் அடைபடலாம்.