மலையகத் தோட்டத்துரை உங்கள் மூதாதையரா? குடும்பத்தையும் தோட்டத்தையும் தேடிக் கண்டறியும் முறை

இலங்கை மலையகத்தில் வாழும் குடும்பங்களிலும், 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின் தமிழகத்துக்கு வந்து குடியேறிய குடும்பங்களிலும், தாழ்ந்த குரலில் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு: “எங்கள் கொள்ளுத்தாத்தா ஒரு வெள்ளைக்காரத் துரை.” பெரும்பாலும் அதற்கு மேல் எதுவும் சொல்லப்படுவதில்லை. அந்த ஒற்றை வாக்கியத்திலிருந்து தொடங்கி, அந்தத் துரை யார், எந்தத் தோட்டத்தில் இருந்தார், அவருடைய குடும்பம் எங்கிருந்து வந்தது என்பதை ஆவணங்களின் வழியே கண்டறிவது எப்படி என்பதை, இதுவரை எந்தச் சுவடிக்கூடத்துக்கும் (ஆவணக் காப்பகத்துக்கும்) போயிராதவர்களுக்காக இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். துரையின் பெயரைத் தேடாதீர்கள், தோட்டத்தைத் தேடுங்கள். நான் முதல் ஆறு மாதங்களைப் பெயரின் பின்னால் அலைந்தே இழந்தேன். லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வழங்கிய பெயர் காதால் கேட்டு வாயால் வந்த பெயர். காம்பெல் என்பவர் கம்மல் துரையாகவும், மெக்கன்சி என்பவர் மக்கஞ்சித் துரையாகவும் மூன்று தலைமுறை கடந்து நம்மிடம் வந்து சேர்ந்திருப்பார். மக் என்று தொடங்கும் ஸ்கொத்லாந்துக்காரர்கள் மலையகத்தில் எண்ணற்றவர்கள் இருந்தார்கள். தோட்டமோ இடம் மாறாதது. ஆண்டுதோறும் ஏதாவதொரு புத்தகத்தில், காணி உறுதியில் (நிலப் பத்திரத்தில்), வரைபடத்தில் தன் தடத்தை விட்டுச் சென்றிருக்கிறது.

படி 1: வீட்டிலிருந்து மூன்று விடைகள்

குடும்பத்தின் மூத்தவர்களிடம் மூன்று செய்திகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: எந்தத் தோட்டம், எந்தப் பத்தாண்டு, அவர் பெரிய துரையா (தோட்டத்தின் மேலாளர்) சின்ன துரையா (அவருடைய உதவியாளர்). ஆண்டு எவருக்கும் நினைவிருக்காது. ஆனால் துரைக்குப் பிறந்த பிள்ளையின் வயதை அறிந்தால் ஆண்டைக் கணிக்கலாம். “அப்பாயி இறந்தபோது அவருக்கு எண்பது வயதிருக்கும், அப்போது நான் ஐந்தாம் வகுப்பு” என்பது போன்ற ஒரு பேச்சிலிருந்தே, ஓரிரு ஆண்டு முன்பின்னாக, பிறந்த ஆண்டைப் பெற்றுவிட முடியும்.

பிறகு வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நம் மக்களை நாடற்றவர்களாக்கியது. அதை அடுத்து வந்த 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தவர்கள், தாங்கள் எத்தனை ஆண்டுகளாக எங்கே வசித்தோம் என்பதை எழுத்தில் நிறுவ வேண்டியிருந்தது. அந்த விண்ணப்பப் படிகளிலும், இந்தியா சென்றவர்களின் பழைய கடவுச்சீட்டுகளிலும் தோட்டத்தின் பெயர் எழுதப்பட்டிருக்க வாய்ப்பு மிகுதி. நம்மை அலைக்கழித்த ஒரு சட்டம் எழுதவைத்த தாள்களே இன்று நம் வேரைக் காட்டுகின்றன என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது. ஆகவே அவற்றைப் பழுதாகாமல் படமெடுத்து வைத்துவிடுங்கள்.

பிறப்புச் சான்றிதழ் கிடைத்தால், தகப்பன் பெயருக்குரிய கட்டம் வெறுமையாக இருப்பதைக் கண்டு சோர்ந்துபோகாதீர்கள். மணமுறைக்கு வெளியே பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் ஒப்புக்கொண்டாலன்றி அவர் பெயர் பதியப்படுவதில்லை. பிறந்த இடம், தகவல் கொடுத்தவர் என்னும் இரண்டு கட்டங்களையும் கூர்ந்து படியுங்கள். தோட்டத்தின் பெயரும் டிவிசனின் (தோட்டத்தின் உட்பிரிவின்) பெயரும் அங்கேதான் இருக்கும். இலங்கையில் பிறப்பு, இறப்புப் பதிவு 1860களின் இறுதியில் தொடங்கியது என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 2: தோட்டம் எதுவென உறுதிசெய்தல்

ஒரே தோட்டத்துக்குப் பல வேளைகளில் இரண்டு பெயர்கள் உண்டு: ஆங்கிலப் பதிவுகளில் ஒன்று, தொழிலாளர் வழக்கில் இன்னொன்று. சிறு தோட்டங்கள் பெரிய தோட்டங்களோடு இணைக்கப்பட்டு, இன்று வெறும் டிவிசன் பெயராக மட்டும் எஞ்சியிருப்பதும் உண்டு. எனவே பாட்டி சொன்ன பெயர் இன்றைய தோட்டப் பட்டியலில் இல்லையென்றால், அது டிவிசனின் பெயரா என்று அந்தப் பகுதியின் முதியவர்களிடம் கேளுங்கள். பழைய நில அளவைத் திணைக்கள வரைபடங்களிலும் இத்தகைய பெயர்கள் கிடைக்கும்.

தோட்டக்காரர்கள் பயன்படுத்திய ‘தோட்ட மாவட்டம்’ வேறு, அரசாங்க நிர்வாக மாவட்டம் வேறு. திம்புளை, டிக்கோயா, மஸ்கெலியா, புசல்லாவை, இறம்பொடை, ஹேவாஹெட்ட, மடுல்சீமை, அப்புத்தளை ஆகியவை தோட்ட மாவட்டங்கள். பழைய நூல்கள் இந்த ஒழுங்கிலேயே வகுக்கப்பட்டுள்ளன; நுவரெலியா மாவட்டம் என்று தேடினால் பாதித் தோட்டங்கள் உங்கள் கண்ணில் படமாட்டா.

படி 3: பெர்குசன் டைரக்டரியை ஆண்டாண்டாகப் படித்தல்

தேடலின் முதுகெலும்பு இதுதான். கொழும்பில் ‘சிலோன் ஒப்சேவர்’ பத்திரிகையை நடத்திய பெர்குசன் குடும்பத்தார் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து வெளியிட்டு வந்த இந்தத் தொகுப்பில், ஒவ்வொரு தோட்டத்துக்கும் உரிமையாளர், கொழும்பு முகவர் நிறுவனம், மேற்பார்வை செய்த துரை, மொத்த ஏக்கர், பயிரிட்ட ஏக்கர் ஆகியவை வரிசையாகத் தரப்பட்டிருக்கும். சில ஆண்டுகளின் பதிப்புகள் இணைய ஆவணக் காப்பகத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. மற்றவற்றுக்குக் கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் கூடத்தையோ பெரிய நூலகங்களையோ நாட வேண்டும்.

நீங்கள் கணித்த பிறப்பாண்டுக்கு முன் ஐந்து ஆண்டும் பின் ஐந்து ஆண்டும் எடுத்துக்கொண்டு, ஒரு தாளில் நான்கு பத்தி வரைந்து, ஆண்டு, உரிமையாளர், பெரிய துரை, உதவித் துரை என எழுதி நிரப்புங்கள். நான் நிரப்பிய தாளில் நான்கு ஆண்டுகள் ஒரே பெயர் இருந்தது. ஐந்தாம் ஆண்டில் அந்த இடத்தில் வேறொருவர் பெயர். பழைய பெயரோ பக்கத்துத் தோட்ட மாவட்டத்தில், இரண்டு மடங்கு ஏக்கர் கொண்ட தோட்டமொன்றில் தென்பட்டது. எங்கள் கொள்ளுப்பாட்டி கைப்பிள்ளையோடு தன் அண்ணன் வீட்டுக்குப் போனதாகச் சொல்லப்பட்ட ஆண்டும் அதுவே. அச்செழுத்தில் இருந்த ஒரு மாற்றமும் வாய்மொழியாக வந்த ஒரு பிரிவும் ஒரே ஆண்டில் பொருந்திய அந்தக் கணத்தில்தான் எனக்கு முதன்முறையாக நம்பிக்கை பிறந்தது. டைரக்டரியின் தகவல் அச்சான ஆண்டுக்கு முந்திய ஆண்டின் நிலையைக் காட்டுவதாகவும் இருக்கலாம். ஆகவே ஓராண்டு வேறுபாட்டைப் பிழையெனக் கொள்ளவேண்டாம்.

தொடக்கநிலையினர் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் ஒன்று இங்கே உண்டு. துரை என்றால் தோட்டத்தின் சொந்தக்காரர் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் துரைமாரில் மிகப் பலர் சம்பளத்துக்கு வேலைபார்த்தவர்கள். இலங்கையில் தேயிலையை வணிகப் பயிராக நிலைநிறுத்தியவர் எனப் போற்றப்படும் ஜேம்ஸ் டெய்லர், 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். வாழ்நாளின் பெரும்பகுதியை அங்கேயே கழித்த அவர்கூட அத்தோட்டத்தின் உரிமையாளர் அல்லர். எனவே உங்கள் மூதாதையரின் பெயரில் காணி உறுதி கிடைக்கவில்லை என்பதால் அவர் அங்கே இருக்கவில்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

படி 4: காணிப் பதிவகமும் உறுதிகளும்

உரிமையாளராக இருந்தவருக்கு மட்டுமே இந்தப் படி பயன்படும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தின்படி காணிக் கைமாற்றம் நொத்தாரிசு (நோட்டரி) முன்னிலையில் எழுத்தில் நிகழ வேண்டும். கண்டி, நுவரெலியா, பதுளை முதலிய காணிப் பதிவகங்களில் தோட்டத்தின் பெயரைக் கொண்டு பதிவேட்டுப் பக்கத்தைக் கண்டுபிடித்தால், ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் காணி போன சங்கிலியைப் பின்னோக்கிப் படித்துச் செல்லலாம். பரப்பு ஏக்கர், றூட், பேர்ச் என்று எழுதப்பட்டிருக்கும். 4 றூட் அல்லது 160 பேர்ச் ஓர் ஏக்கர். பழைய உறுதிகளில் விலை பவுணிலும் ஷில்லிங்கிலும் இருக்கும். தொடக்கத்தில் முடிக்குரிய காணி ஏக்கருக்கு 5 ஷில்லிங் வீதம் விற்கப்பட்டு, 1844இல் 20 ஷில்லிங்காக உயர்த்தப்பட்டது.

சங்கிலி 1870களுக்கும் 1880களுக்கும் இடையே அறுந்தாற்போலத் தோன்றினால் வியப்படைய வேண்டியதில்லை. 1869இல் கண்டறியப்பட்ட கோப்பி இலைத் துரு நோய் கோப்பித் தோட்டங்களை அழித்தது. 1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்தது. கடன்பட்ட தோட்டங்கள் அடிமாட்டு விலைக்குக் கைமாறி, பின்னர் கம்பனிகளின் பெயருக்குப் போயின. அக்காலத்துத் துரை திடீரென மறைந்துவிட்டால், அவர் மலாயாவுக்கோ வேறு குடியேற்ற நாட்டுக்கோ போயிருக்கலாம். 1972, 1975 ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தச் சட்டங்களுடன் தோட்டங்கள் அரசுடைமையாயின. அதற்குப் பிந்திய பதிவுகள் உங்களுக்குத் தேவைப்படா.

படி 5: கோயில்களும் கல்லறைகளும்

நுவரெலியாவின் ஹோலி டிரினிட்டி, டிக்கோயாவின் வொர்லி தேவாலயம், பதுளையின் சென் மார்க் தேவாலயம் போன்ற இடங்களின் திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவேடுகளைப் பார்க்க அனுமதி கேளுங்கள். நேரில் போகுமுன், ஜே. பென்ரி லூயிஸ் தொகுத்து 1913இல் வெளியான இலங்கைக் கல்லறை வாசகங்களின் தொகுப்பைப் பார்த்துவிடுவது காலத்தை மிச்சப்படுத்தும்.

ஒரு கல்லறைக் கல் எவ்வளவு பேசும் என்பதற்குக் கண்டி மகியாவையில் உள்ள டெய்லரின் கல்லே சான்று. இறந்த நாள் 1892 மே 2, வயது 57, தோட்டத்தின் பெயர் ஆகிய மூன்றும் அதில் உள்ளன. இறந்த நாளையும் வயதையும் கொண்டு 1835ஐ ஒட்டிய பிறப்பு என்று கணித்துவிட்டால், ஸ்கொத்லாந்தின் பதிவேடுகளைத் திறக்கும் சாவி உங்கள் கையில் வந்துவிடுகிறது. பாசி படிந்த கல்லைக் கம்பியாலோ அமிலத்தாலோ தேய்க்காதீர்கள். காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் படமெடுத்தால் தேய்ந்த எழுத்தும் நிழலில் எழுந்து தெரியும்.

படி 6: பிரித்தானியப் பதிவுகள்

இலங்கை 1802 முதல் முடிக்குரிய குடியேற்ற நாடு, இந்தியாவோடு சேர்ந்ததன்று. இதை அறியாமல் இந்திய அலுவலகப் பதிவுகளில் மாதக்கணக்காகத் தேடிக் களைத்துப்போகிறவர்கள் பலர். இலங்கை பற்றிய அரசாங்கக் கடிதங்கள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், குடியேற்ற நாட்டு அலுவலகத்தின் 54ஆம் வரிசையில் உள்ளன. எனினும் குடும்பம் தேடுபவருக்கு அவற்றைவிடக் கப்பல் பயணிகள் பட்டியலே கூடுதலாக உதவும்: பிரித்தானியாவிலிருந்து புறப்பட்டோர் பட்டியல் 1890 முதல் 1960 வரையிலும், வந்திறங்கியோர் பட்டியல் 1878 முதல் 1960 வரையிலும் உண்டு. கொழும்பு செல்லும் கப்பலில் தொழில் ‘பிளாண்டர்’ (தோட்டக்காரர்) எனக் குறிக்கப்பட்டவரின் வயது கிடைத்தால், ஒரே பெயருடைய இருவரைப் பிரித்தறியலாம்.

ஸ்கொத்லாந்துக்காரராயின் ‘ஸ்கொட்லாண்ட்ஸ் பீப்பிள்’ தளத்தில் 1855 முதலான பதிவுகளைப் பாருங்கள். அங்கு இறப்புப் பதிவிலேயே பெற்றோர் இருவரின் பெயரும் வரும். இங்கிலாந்தாயின் பதிவு 1837இல் தொடங்குகிறது. 1858 முதல் மரணசாசனப் (உயில்) பட்டியலும் உண்டு. மரணசாசனத்தை வரி விடாமல் படியுங்கள். இலங்கையில் ஒரு பெண்ணுக்கோ பிள்ளைக்கோ சிறு தொகை ஒதுக்கியிருப்பது, ‘வீட்டுப் பணிப்பெண்’ என்ற சொல்லுக்குள் மறைந்திருக்கக் கூடும்.

படி 7: மரபணுச் சோதனை

ஆவணம் ஒருவரைச் சுட்டிக்காட்டிய பின்னரே இதைச் செய்வது நல்லது. கொள்ளுத்தாத்தாவிடமிருந்து நமக்குச் சராசரியாக 12.5 சதவீத மரபணு வருகிறது. அவருடைய பிரித்தானிய மனைவி வழியில் வந்த கொள்ளுப்பேரர் ஒருவரோடு நீங்கள் பகிர்வது சராசரியாக 1.5 சதவீதமே. தலைமுறை ஏற ஏற இது மங்கும். எனவே உங்களுக்குப் பதிலாக வீட்டில் வாழும் மிக மூத்தவரின் மாதிரியை, அவருடைய மனமார்ந்த சம்மதத்துடன் அனுப்புங்கள். அவர் மறுத்தால் வற்புறுத்தக் கூடாது. அந்தக் கதையின் வலியைச் சுமந்தவர் அவர்தான்.

படி 8: மரத்தை வரைவதும் உறவினருக்கு எழுதுவதும்

துரையின் வழி ஏழு தலைமுறை வரை ஆவணங்களில் நீளும். கொள்ளுப்பாட்டியின் வழியோ அவளோடு நின்றுவிடும். இந்த ஏற்றத்தாழ்வு ஆவணங்களை எழுதியவர்கள் வைத்தது. நாமும் அதை மறுபடி வரையலாகாது. அவளுடைய பெயர், அவள் பெரட்டுக்குப் (வேலை பிரித்துக் கொடுக்கும் காலைக் கூட்டத்துக்குப்) போன டிவிசன், அவளை அழைத்துவந்த கங்காணியின் பெயர், கங்காணியின் சொந்த ஊர், தெரிந்த அளவுக்கு எல்லாவற்றையும் அதே தாளில், அதே அளவு எழுத்தில் எழுதுங்கள். தோட்டத்தின் பழைய செக்ரோல் புத்தகம் (தொழிலாளரின் வேலைநாள், சம்பளப் பதிவேடு) எஞ்சியிருந்தால் அவள் பெயர் அதில் இருக்கலாம். தோட்ட அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுப் பாருங்கள்.

பிரித்தானியாவில் வாழும் உறவினரைக் கண்டுகொண்டால், முதல் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். நீங்கள் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டுகள், எந்த ஆவணம் உங்களை அவர்களிடம் கொண்டுவந்தது என்பதை எழுதி, சொத்தோ உரிமையோ கோரவில்லை என்பதையும் ஒரு வரியில் தெளிவாக்கிவிடுங்கள். டைரக்டரிப் பக்கத்தின் படத்தையும் கல்லறையின் படத்தையும் இணைத்து, பழைய கடிதங்களோ பங்களா முன்னால் எடுத்த ஒளிப்படங்களோ அவர்களிடம் உண்டா என்று மட்டும் கேளுங்கள். மறுமொழி வர மாதங்கள் ஆகலாம். அதுவரை ஒரு நினைவூட்டலுக்கு மேல் அனுப்பாதீர்கள்.