கஹோன் செய்கிறவர்களே, முன்பலகையை ஒட்டாதீர்கள்

போன மாதம் அடுத்த தெருவிலிருந்து ஒரு கல்லூரிப் பையன், தானே செய்த கஹோனை, அதாவது மேலே உட்கார்ந்து கையால் தட்டி வாசிக்கும் மரப்பெட்டியை, தூக்கிக்கொண்டு வந்தான். பெட்டி அழகாக இருந்தது. மூலைகளெல்லாம் கச்சிதம். உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்திருந்தான். மேலே உட்கார்ந்து நடுவில் ஒரு தட்டுத் தட்டினேன். கையை எடுத்த பிறகும் உள்ளே கம்பி 'ஸ்ஸ்ஸ்' என்று இழுத்துக்கொண்டே இருந்தது.

"இந்தச் சத்தத்தை மட்டும் கொஞ்சம் சரி பண்ணிக் கொடுங்கண்ணா" என்றான்.

முன்பலகையை விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு ஸ்க்ரூ கூட இல்லை.

"இதை எப்படிப்பா மாட்டின?"

"ஃபெவிக்கால்ண்ணா. நாலு பக்கமும் நல்லா தடவி, ராத்திரி முழுக்க மேல அம்மிக்கல்லை வச்சேன்."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் என் முதல் பெட்டியில் நான் செய்ததும் இதேதான். அதற்கப்புறம் இப்படி ஒட்டப்பட்டு என்னிடம் வந்த பெட்டிகளில் இது நான்காவது. அதனால்தான் கஹோன் செய்யும்போது வரும் தவறுகளை, இதை முதலில் வைத்து, எழுதுகிறேன். அளவு தப்பாக வெட்டுவது, பசை காய்வதற்குள் கிளாம்பைக் கழற்றுவது போன்றவற்றை எழுதப் போவதில்லை. அதெல்லாம் ஒருமுறை பட்டால் தானாகப் புரியும்.

கஹோனைப் பார்க்காதவர்களுக்கு இரண்டு வரி. ஏறக்குறைய 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழம், 48 செ.மீ. உயரமுள்ள மரப்பெட்டி அது. அதன் மேலேயே உட்கார்ந்து, கால்களுக்கு நடுவே இருக்கும் முன்பலகையைக் கையால் வாசிப்பார்கள். மற்ற ஐந்து பக்கமும் 12 எம்எம் பிளைவுட், முன்பலகை மட்டும் 3 எம்எம். பின்பலகையில் ஒரு வட்டத் துளை. முன்பலகையின் நடுவில் தட்டினால் 'தும்' என்று அடி ஓசை வரும். மேல் விளிம்பில் தட்டினால் 'டஸ்' என்று கூர்மையாக வரும். அந்த 'டஸ்'ஸுக்குள் இருக்கும் சரசரப்பு, பலகைக்குப் பின்னால் தொட்டும் தொடாமலும் நிற்கும் ஸ்னேர் கம்பிகளால் (ஸ்னேர் டிரம்மின் அடியில் சரசரக்கும் மெல்லிய சுருள் கம்பிகள்) வருவது.

முன்பலகையை ஒட்டிவிடுவது

ஏன் ஒட்டுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். 'காற்று கசியக் கூடாது, பெட்டி கெட்டியாக இருக்க வேண்டும்' என்றுதான் நானும் நினைத்தேன். ஐந்து பக்கத்தையும் ஒட்டியாயிற்று, ஆறாவதை மட்டும் ஏன் விட வேண்டும் என்ற எண்ணம். ஆனால் அந்த ஐந்தும் பெட்டி, ஆறாவதுதான் வாத்தியம். அதைத் திறக்க வழியில்லாமல் மூடினால், அன்றைக்கு என்ன ஓசை வந்ததோ அதுதான் கடைசி வரை.

முதல் தடவையிலேயே கம்பி சரியாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இத்தனை பெட்டி செய்த பிறகு இப்போதும் எனக்கு நாலைந்து தடவையாவது முன்பலகையைக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கிறது. கம்பி ஒரு மில்லிமீட்டர் முன்னால் வந்தால் பலகையோடு ஒட்டிக்கொண்டு ஓசையை அமுக்கிவிடும். ஒரு மில்லிமீட்டர் பின்னால் போனால் பக்கத்தில் யாராவது பேசினாலே கிலுகிலுக்கும். இதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. மாட்டி, வாசித்துக் கேட்டு, கழற்றி, நகர்த்தி, மறுபடியும் மாட்டித்தான் ஆக வேண்டும்.

என் முதல் பெட்டியில் கம்பி அழுந்திப் போயிருந்தது. மேல் விளிம்பில் தட்டினால் 'டொக்' என்று ஒரு மேஜையைத் தட்டிய மாதிரி இருந்தது. பின்பக்கத் துளை வழியாகச் சரி செய்துவிடலாம் என்று கையை விட்டேன். 11 செ.மீ. துளைக்குள் கை போகும். ஆனால் கை போய்விட்டால் உள்ளே பார்க்க இடம் இருக்காது. ஸ்க்ரூ டிரைவரைத் திருப்ப மணிக்கட்டு வளைய வேண்டும், அதற்கும் இடமில்லை. விரல் நுனியால் தடவியபடியே ஒரு மத்தியானம் முழுக்க முயன்றேன். இரண்டு கம்பி வளைந்ததுதான் மிச்சம்.

மறுநாள் உளியும் சுத்தியலும் எடுத்தேன். நல்ல பசை எப்படிப் பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். பசைக்கோடு விடவே இல்லை. மரம்தான் விட்டுக்கொடுத்தது. முன்பலகை அடுக்கடுக்காகப் பிய்ந்து வந்தது. அது போனால் போகட்டும், 3 எம்எம் பலகை வேறு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அதோடு சேர்த்துப் பக்கப்பலகைகளின் விளிம்பும் அங்கங்கே பெயர்ந்து வந்துவிட்டது. எலி கொறித்த மாதிரி ஆன அந்த விளிம்பில் புதுப் பலகை எப்படிப் படிந்து உட்காரும்? மூன்று வாரத்து ஞாயிற்றுக்கிழமைகள், பிளைவுட், ஸ்னேர் கம்பி எல்லாம் சேர்த்து மூவாயிரத்துக்கு மேல். எல்லாம் போனது. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது. ஸ்க்ரூ பெட்டி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

கம்பிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. முன்பலகை மெல்லியது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் வாங்கி லேசாக உப்பும், பங்குனியில் இறுகும். ஸ்க்ரூ இருந்தால் அரைச் சுற்றுத் தளர்த்தியோ முறுக்கியோ அதைச் சமாளிக்கலாம். தினமும் வாசித்தால் சில வருடத்தில் பலகையில் விரிசலும் விழும். அப்போது பலகையை மட்டும் மாற்றினால் போதும், பெட்டி அப்படியே இருக்கும். இன்னொன்று, மேல் மூலைகள் இரண்டும் விளிம்போடு இறுக ஒட்டியிருந்தால் அந்தக் கூர்மையான 'டஸ்' வராது. அங்கே பலகை நூலிழை அளவு விலகிச் சேர வேண்டும். அந்த இடைவெளி எவ்வளவு என்பதை ஸ்க்ரூவால்தான் தீர்மானிக்க முடியும். காற்றுக் கசிவைப் பற்றிய பயம் வேண்டாம். பின்னால் கையகலத்துக்குத் துளை போட்டிருக்கிறோம்.

நான் இப்போது செய்கிற முறை இது. ஐந்து பக்கத்தையும் ஒட்டிக் காயவிடுவேன். 80 நம்பர் உப்புத்தாளைச் சமமான தரையில் டேப் போட்டு ஒட்டி, பெட்டியின் திறந்த வாயை அதன் மேல் கவிழ்த்து, வட்டமாகத் தேய்ப்பேன். அதற்கு முன் விளிம்பு முழுக்கப் பென்சிலால் கிறுக்கிவைப்பேன். கிறுக்கல் எங்கே அழியாமல் நிற்கிறதோ அங்கே பள்ளம் என்று அர்த்தம். எல்லாக் கிறுக்கலும் மறையும் வரை தேய்க்க வேண்டும். அப்புறம் பலகையை வைத்து, சுற்றிலும் ஒரு பத்து ரூபாய் நோட்டை நுழைத்துப் பார்ப்பேன். எங்கேயும் நுழையக் கூடாது. நுழைகிற இடம் பின்னாளில் 'பர்ர்' என்று அதிரும். அதைக் கம்பியின் குற்றம் என்று நினைத்துக் கம்பியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்போம்.

ஸ்க்ரூவை விளிம்பிலிருந்து 6 எம்எம் உள்ளே, அதாவது 12 எம்எம் பலகையின் சரிநடுவில் போட வேண்டும். பிளைவுட்டின் விளிம்பு அடுக்கடுக்காக இருப்பதால், முன்துளை போடாமல் ஸ்க்ரூவை ஏற்றினால் அடுக்குகள் பிரிந்துவிடும். 2 எம்எம் பிட்டால் முதலில் துளை போடுங்கள். 6 செ.மீ.க்கு ஒன்று போதும். அடியிலும் இரண்டு பக்கத்திலும் வரிசையாகப் போட்டு, பக்கங்களில் மேலே ஒரு 10 செ.மீ. வெறுமையாக விடுங்கள். மேல் விளிம்பில் நடுவில் மட்டும் இரண்டு. ஸ்க்ரூவை மெழுகுவர்த்தியில் ஒருமுறை தேய்த்துக்கொண்டால் சுலபமாக இறங்கும். டிரில் மெஷினால் முறுக்க வேண்டாம், கையால் முறுக்குங்கள். பலமுறை கழற்றி மாட்டித் துளை தளர்ந்துவிட்டால், பல்குத்தும் குச்சியைப் பசையில் தோய்த்து அதற்குள் சொருகி ஒடித்துவிட்டு, காய்ந்ததும் மறுபடி முன்துளை போட்டால் பிடித்துக்கொள்ளும்.

கம்பி இல்லாமல் ஒருமுறை கூடக் கேட்காமல் விடுவது

கஹோன் பெரு நாட்டு வாத்தியம். ஆப்பிரிக்காவிலிருந்து அங்கே அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட மக்களின் சந்ததியினர் சரக்குப் பெட்டிகளைத் தட்டி உண்டாக்கிக்கொண்டது. 2001-ல் பெரு அரசு அதைத் தேசத்தின் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. அந்த மூலக் கஹோனில் கம்பியே கிடையாது. 1970-களின் கடைசியில், ஃபிளமெங்கோ என்ற ஸ்பானிய இசையின் கிடார் மேதை பாக்கோ தெ லூசியா பெருவில் அதைக் கேட்டுவிட்டு ஸ்பெயினுக்குக் கொண்டுபோனார். அங்கே ஃபிளமெங்கோவுக்காகத்தான் உள்ளே கிடார் கம்பி கட்டும் வழக்கம் வந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பெட்டி தன்னளவில் பேச வேண்டும். கம்பி அதற்கு மேலே தூவுகிற மிளகுத்தூள். கம்பியை மாட்டுவதற்கு முன்னால் வெறும் பெட்டியில் முன்பலகையை ஸ்க்ரூ போட்டு மாட்டி, அரை மணி நேரம் வாசியுங்கள். 'தும்' ஆழமாக வருகிறதா? மேல் விளிம்பில் தட்டினால் கம்பி இல்லாமலேயே ஒரு கூர்மை இருக்கிறதா? எங்காவது அதிர்கிறதா? இதிலெல்லாம் குறை இருந்தால் கம்பி அதைச் சரிசெய்யாது, மூடி மறைக்கத்தான் செய்யும். கம்பியை மாட்டிய பிறகு வரும் வேண்டாத ஓசை எதனால் என்று கண்டுபிடிக்கவும் முடியாது.

கம்பியை அழுத்திவைப்பது

14 இஞ்ச் ஸ்னேர் டிரம்முக்கான 20 இழைக் கம்பியே போதும். கட்டிங் பிளேயரால் சரிபாதியாக வெட்டினால், ஒரு முனையில் தகடும் மறு முனையில் தனித்தனி இழைகளுமாக இரண்டு துடைப்பம் மாதிரி கிடைக்கும். பக்கப்பலகை இரண்டுக்கும் நடுவே குறுக்காக ஒரு ரீப்பர் கட்டையைக் கொடுத்து, தகடுகளை அதில் ஸ்க்ரூ போட்டு, இழைகள் மேல் மூலைகளை நோக்கிச் சாய்ந்திருக்கும்படி வையுங்கள். கட்டையை ஒட்டாதீர்கள். பக்கத்துக்கு ஒரே ஒரு ஸ்க்ரூவில் நிறுத்தினால், அதைத் தளர்த்திக் கட்டையை லேசாகத் திருப்பியே இழைகளின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம்.

அழுத்தம் எவ்வளவு? கன்னத்தில் புறங்கையை வைத்து ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்போமே, அந்த அளவு. இழை தொட்டால் போதும். தட்டும்போது பலகை இழையை உதறித் தள்ளி, இழை திரும்ப வந்து பலகையில் மோதுவதால்தான் சரசரப்பு உண்டாகிறது. அழுத்திவைத்த இழை பலகையோடு சேர்ந்தே ஆடும், மோதாது. சத்தம் போதவில்லை என்று இன்னும் அழுத்துகிறவர்கள்தான் அதிகம். அது நேர் எதிரான வழி. மாறாக, நடுவில் தட்டும்போதும் சரசரப்பு இழுத்துக்கொண்டே போனால், தகட்டுக்குப் பக்கத்தில் இழைகளின் மேல் ஒரு சின்னத் துணிப்பட்டை ஒட்டுங்கள்.

துளையை முதலிலேயே பெரிதாக வெட்டுவது

10 செ.மீ.யில் தொடங்குங்கள். பெரிதாக்க ஆக்க அடி ஓசையின் சுருதி ஏறும். வெட்டிய துளையைச் சின்னதாக்க முடியாது.

உள்ளே பொள்ளல் உள்ள பிளைவுட்

விலை குறைந்த பலகையின் உள் அடுக்குகளில் இடைவெளி இருக்கும். வாங்கும்போதே விளிம்பைப் பாருங்கள். பலகை முழுக்க விரல் கணுவால் தட்டிக்கொண்டே போனால், பொள்ளல் உள்ள இடத்தில் ஓசை மாறும். முன்பலகையில் அது வந்தால் கதை முடிந்தது.

முன்பலகைக்குக் கனமான வார்னிஷ்

ஒரு மெல்லிய பூச்சு. அவ்வளவுதான்.

அடியில் ரப்பர் புஷ் போடாமல் விடுவது

தரையோடு படிந்த பெட்டிக்கு மூச்சு முட்டும். நாலு மூலைக்கும் நாலு.

சரி, அந்தப் பையனின் பெட்டிக்கு வருகிறேன். உளியை எடுக்க நான் விடவில்லை. இரண்டு பேரும் அதை பைக்கில் வைத்துத் தெரிந்த தச்சுப் பட்டறைக்குக் கொண்டுபோனோம். முன்பலகையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளிக் கோடு போட்டு, பெட்டியை நாலு பக்கமும் ரம்ப மெஷினில் ஓட்டச் சொன்னேன். உள்ளே இருக்கும் கம்பியில் பட்டுவிடக் கூடாது என்று ஆசாரி பிளேடை 12 எம்எம்முக்கு மேல் ஒரு மயிரிழைதான் உயர்த்தினார். நாலாவது பக்கம் முடிந்ததும் முன்பலகை ஒரு தட்டு மாதிரி கையோடு வந்துவிட்டது. கீழே புத்தம் புதிய, சமமான விளிம்பு. பெட்டியின் ஆழத்தில் ஒரு சென்டிமீட்டர் குறைந்தது, ஓசையில் அது தெரியவில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் இந்த வழி எனக்குத் தெரிந்திருந்தால் என் பெட்டியும் பிழைத்திருக்கும்.

புதுப் பலகை வாங்கி, பதினெட்டு ஸ்க்ரூ போட்டு மாட்டினோம். வெட்டியதால் பலகை கம்பிக்கு நெருங்கி வந்திருந்தது. கட்டையைப் பின்னால் தள்ள வேண்டியிருந்தது. முதல் தடவை அதிகம் தள்ளிவிட்டோம், கிலுகிலுத்தது. மூன்றாவது தடவை கழற்றி மாட்டிய பிறகு அவன் உட்கார்ந்து நடுவில் தட்டினான். 'தும்', உடனே அமைதி. மேல் விளிம்பில் தட்டினான். 'டஸ்'. நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு, ஸ்க்ரூ டிரைவரைக் கேட்டான். இடது மூலையை இன்னும் கால் சுற்றுத் தளர்த்திப் பார்க்க வேண்டுமாம்.