ஜன்னல் ஓரம் குளிர்கிறதா?

காற்று பலமாக வீசும் நாளில் திரைச்சீலையை ஒதுக்கிவிட்டு, கொளுத்திய ஊதுபத்தியை ஜன்னல் ஓரமாக மெதுவாக நகர்த்துங்கள். புகை எங்கே அலைபாய்கிறதோ அங்கேதான் இடுக்கு. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் என்றால் சீலன்ட் (இடுக்கை அடைக்கும் பசை) பூசி அடைத்துவிடலாம். திறந்து மூடும் ஜன்னல் கதவின் ஓரத்தில் அதைப் பூசினால் ஜன்னல் ஒட்டிக்கொள்ளும். அங்கே ஃபோம் டேப்தான் (பஞ்சு போன்ற ஒட்டும் பட்டை) சரி. தூசியைத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டுங்கள். இல்லையென்றால் சீக்கிரமே உரிந்து வரும்.

அப்புறம், ஒற்றைக் கண்ணாடி என்றால் இடுக்கை அடைத்தாலும் கண்ணாடி வழியே வெப்பம் போகும். சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் படலத்தைச் சட்டத்தின் மேல் ஒட்டி, ஹேர் டிரையரைக் காட்டினால் விறைப்பாகிவிடும். நடுவில் சிக்கிய காற்றுதான் வெப்பத்தைத் தடுக்கிறது. பார்க்க அவ்வளவு அழகில்லை, பரவாயில்லை. கேஸ் ஹீட்டர் எரியும் அறையில் மட்டும் காற்றோட்டத்தை முழுவதும் அடைக்காதீர்கள்.