மாஸ்க்கை முதலில் முகத்தில் வைத்துப் பாருங்கள்

மலேசியாவில் தாப்பா ஊர்ப் பக்கத்து எஸ்டேட்டில் எங்களுக்குப் பள்ளி விடுமுறை என்றால் குவாலா வோ ஆறுதான். தண்ணீருக்குள் பார்த்தபடி நீந்தப் பிள்ளைகளுக்கு ஸ்நோர்கலும் (மூச்சுவிடும் குழாய்) மாஸ்க்கும் (கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி) வாங்குகிறவர்கள் கடையிலேயே ஒரு சோதனை செய்துவிடுங்கள். வாரை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் பொருத்தி, மூக்கால் லேசாக மூச்சை இழுத்துப் பிடியுங்கள். கையை எடுத்த பிறகும் விழாமல் ஒட்டி நின்றால் அது அந்த முகத்துக்குச் சரி. விழுந்தால், எத்தனை மலிவாக இருந்தாலும் வேண்டாம். வாரை இறுக்கினால் கன்னத்தில் தடம் விழுமே தவிர கசிவு நிற்காது. என் அண்ணனுக்கு மீசை வழியாகத்தான் தண்ணீர் இறங்கியது. மூக்கடியில் ஒரு கோடு மழித்த பிறகே நின்றது.

ஓரம் மெத்தென்ற சிலிக்கானாகவும், கண்ணாடி டெம்பர்ட் கிளாஸாகவும் (சூடேற்றிப் பலப்படுத்திய கண்ணாடி) இருக்கட்டும்.

குழாய் சாதாரணமானதே போதும். அடியில் தண்ணீரை வெளியேற்றும் வால்வு உள்ளதை வாங்கினால், ஆற்று மணல் ஒரு பொட்டு சிக்கினாலும் வாய்க்குள் தண்ணீர் வரும், அவ்வப்போது அலசுங்கள். நீளக் குழாய் நல்லதென்று எண்ண வேண்டாம். விட்ட மூச்சே உள்ளே தங்கி மறுபடியும் நுரையீரலுக்குப் போகும். முகம் முழுவதும் மூடும் மாஸ்க்கை அவசரத்தில் சட்டென்று கழற்ற முடியாது, பிள்ளைகளுக்கு அது வேண்டவே வேண்டாம்.

அப்புறம், தலை தண்ணீருக்குள் இருப்பவருக்குக் கூப்பிட்டால் கேட்காது. பெரியவர் ஒருவர் கரையிலேயே இருக்கட்டும். தெளிந்த ஆறு திடீரென்று கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் ஆற்றின் மேற்பகுதியில் மழை, கெப்பாலா ஆயேர் (திடீரென்று பாய்ந்து வரும் ஆற்று வெள்ளம்) வருகிறது என்று அர்த்தம். சாமான்களை விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு மேட்டுக்கு ஏறிவிடுங்கள்.